அறிவொளிக் காலச் சிந்தனையாளர்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி: மனித இயல்பும் அரசின் பணியும்

ஹாப்ஸ், லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ என்ற நான்கு பெயர்களும் அரசியல் அறிவியல் பாடங்களில் அடுத்தடுத்து வருபவை. மாணவர்கள் அவற்றைப் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: ஹாப்ஸின் மனிதன் தீயவன், ஆகவே அவனுக்கு முடியாட்சி வேண்டும், லாக்கின் மனிதன் நல்லவன், ஆகவே அவனுக்கு மக்களாட்சி போதும், ரூசோவின் மனிதன் காட்டில் வாழ்ந்தபோது தூயவன், ஆகவே நாம் காட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு வகையில் பிழையானது. மூல நூல்களில் சில பக்கங்களைப் பொறுமையாகப் படித்தாலே இது தெரிந்துவிடும். அந்தச் சில பக்கங்கள் எவை, அவற்றை எந்த வரிசையில் படிப்பது, படிக்கும்போது எதைத் தேடுவது என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்களைப் பெறுவது கடினமன்று. காப்புரிமைக் காலம் கடந்துவிட்டதால் ஹாப்ஸின் 'லெவியதான்', லாக்கின் 'இரண்டாம் ஆய்வுரை' போன்றவை இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் தடையாக இருந்தால், மெய்யியல் பேராசிரியர் ஜொனாதன் பென்னட் இந்நூல்கள் பலவற்றை இன்றைய எளிய ஆங்கில நடைக்கு மாற்றி இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கச் செய்த பதிப்புகளைப் பயன்படுத்தலாம்.

முதல் படி: ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

"மனிதன் நல்லவனா, கெட்டவனா?" என்ற கேள்வியோடு இந்த நூல்களுக்குள் நுழைபவர்கள் வழி தவறுகிறார்கள், ஏனெனில் இந்தச் சிந்தனையாளர்களில் எவரும் அந்தக் கேள்வியை அந்த வடிவில் எழுப்பவில்லை. அவர்கள் உண்மையில் எழுப்பிய கேள்வி வேறு: இருவர் முரண்படும்போது, இருவருமே தம் பக்கமே நியாயம் என்று மனமார நம்பும்போது, தீர்ப்புச் சொல்வது யார்? மனிதன் தன் வழக்கில் தனக்கே சாதகமாகத் தீர்ப்பளிக்கக்கூடியவன் என்பது அவர்கள் கவனித்த மனித இயல்பு. இந்தச் சாய்வை வைத்துக்கொண்டு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். ஒவ்வொரு நூலைப் படிக்கும்போதும் ஒரு தாளில் மூன்று குறிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள். அரசு இல்லாத நிலையில் என்ன குறைகிறது? அந்தக் குறையை நீக்க மக்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்? எதை விட்டுக்கொடுக்காமல் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள்? மூன்றாவது குறிப்பைப் பலர் எழுதுவதே இல்லை. எனக்கு அதுவே மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது.

இரண்டாம் படி: ஹாப்ஸின் 13ஆம் அத்தியாயம்

'லெவியதான்' 1651இல் வெளிவந்த பெரிய நூல். அதை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் புலனுணர்வு, கற்பனை, மொழி பற்றிய அத்தியாயங்களிலேயே சோர்ந்துவிட வாய்ப்புண்டு. 13ஆம் அத்தியாயத்தில் தொடங்கி, 14, 17, 21 ஆகியவற்றைப் படித்துவிட்டுப் பிறகு முன்னால் செல்லுங்கள்.

தாமஸ் ஹாப்ஸ் 1588இல் பிறந்தவர். இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மோதல் முற்றியபோது, 1640இல் பாரிசுக்குச் சென்று ஏறத்தாழ 11 ஆண்டுகள் அங்கே தங்கினார். 1642இல் மூண்ட உள்நாட்டுப் போரில் இரு தரப்பினரும் கடவுளின் பெயராலும் சட்டத்தின் பெயராலும் பேசினார்கள். 1649 ஜனவரி 30 அன்று மன்னர் முதலாம் சார்லஸ் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். இந்தப் பின்னணியை மனத்தில் கொண்டு படித்தால், இயற்கை நிலையில், அதாவது அரசு எதுவும் இல்லாத நிலையில், மனித வாழ்வு தனிமையானது, வறியது, அருவருப்பானது, விலங்குத்தனமானது, குறுகியது என்ற புகழ்பெற்ற வரி ஆதிகாலத்தைப் பற்றிய ஊகமாக நின்றுவிடாது. அரசு உடைந்தால் எந்த நாடும் சென்று விழக்கூடிய பள்ளத்தையே அவர் வரைந்து காட்டுகிறார்.

மனிதர்கள் மோதுவதற்கு அவர் மூன்று காரணங்களைத் தருகிறார்: போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. இவற்றில் இரண்டாவதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். மனிதர்கள் உடல் வலிமையிலும் அறிவிலும் ஏறத்தாழச் சமமானவர்கள், மிகவும் பலவீனமானவரும் சூழ்ச்சியாலோ பிறரோடு சேர்ந்தோ மிகவும் வலிமையானவரைக் கொல்ல முடியும் என்பது ஹாப்ஸின் தொடக்கப் புள்ளி. அப்படியானால் அடுத்தவர் என்னைத் தாக்கமாட்டார் என்ற உறுதி எனக்கு இல்லை. எனக்கு அவரைத் தாக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் முந்திக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அவரும் அப்படியே நினைப்பார். இங்கே யாரும் தீயவராக இருக்கத் தேவையில்லை. இரவில் கதவைத் தாழிடுகிறீர்கள், வீட்டுக்குள்ளேயே பெட்டிகளைப் பூட்டுகிறீர்கள், அப்படியானால் சக குடிமக்களைப் பற்றியும் உங்கள் பிள்ளைகளையும் பணியாளர்களையும் பற்றியும் என்ன கருதுகிறீர்கள் என்று வாசகரைக் கேட்டுவிட்டு, மனிதரின் ஆசைகளும் உணர்ச்சிகளும் தம்மளவில் பாவம் ஆகா என்று ஹாப்ஸ் அதே இடத்தில் தெளிவாகச் சொல்கிறார்.

ஆகவே குறைவது பொது நீதிபதி. அந்த இடத்தை நிரப்ப எல்லோரும் தத்தம் தீர்ப்புரிமையை ஒருவரிடமோ ஓர் அவையிடமோ ஒப்படைக்கிறார்கள். அவை என்பதையும் அவர் ஏற்கிறார் என்பதைக் கவனியுங்கள். முடியாட்சியே சிறந்தது என்று அவர் கருதினாலும், இறையாண்மை பிளவுபடக் கூடாது என்பதே அவருடைய அடிப்படை வாதம். மூன்றாவது குறிப்புக்கான விடை 21ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை யாரும் ஒப்படைக்க முடியாது; மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கூட எதிர்த்துப் போராடலாம்; ஆள்பவரால் பாதுகாக்க முடிகிற வரையில்தான் குடிமக்களின் கீழ்ப்படிதலும் நீடிக்கும். இந்த வாதத்தில் கடவுள் அளித்த ஆட்சியுரிமைக்கு இடமே இல்லை. மன்னரின் ஆதரவாளர்கள் பலருக்கே இந்நூல் பிடிக்காமல் போனதற்கும், 1683இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இதனை எரித்ததற்கும் காரணங்களை இங்கே தேடலாம்.

மூன்றாம் படி: லாக்கின் மறுப்பு

ஜான் லாக்கின் 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' 1689இல், தலைப்புப் பக்கத்தில் 1690 என்ற ஆண்டோடு, ஆசிரியர் பெயரின்றி வெளியானது. முதல் ஆய்வுரை, மன்னரின் அதிகாரம் ஆதாமின் தந்தையுரிமையிலிருந்து வழிவழியாக வந்தது என்று வாதிட்ட ராபர்ட் ஃபில்மருக்கு வரிக்கு வரி எழுதப்பட்ட மறுப்பு. தொடக்கநிலை வாசகர்கள் அதைத் தயங்காமல் தள்ளிவைக்கலாம். இரண்டாம் ஆய்வுரையின் 2, 3, 5, 9, 19 ஆகிய அத்தியாயங்கள் போதும்.

இங்கிலாந்தில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸைப் பதவியிழக்கச் செய்த 1688 புரட்சியை நியாயப்படுத்துவதற்காக லாக் இதனை எழுதினார் என்று பல சுருக்கங்கள் சொல்கின்றன. முன்னுரை அப்படித்தான் பேசுகிறது. ஆனால் நூலின் பெரும்பகுதி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அத்தகைய எழுத்து உயிருக்கு ஆபத்தாக இருந்த நாட்களில் உருவானது என்பதை ஆய்வாளர் பீட்டர் லாஸ்லெட் எடுத்துக்காட்டினார். ஃபில்மரை மறுத்து அல்ஜெர்னன் சிட்னி எழுதிவைத்திருந்த அச்சேறாத கையெழுத்துப் படியே 1683இல் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டு, அவர் மரண தண்டனை பெற்றார். அதே ஆண்டில் லாக் ஹாலந்துக்குத் தப்பிச் சென்றார். இந்நூல் தன்னுடையது என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது தன் உயிலின் பிற்சேர்க்கையில்தான்.

லாக்கின் இயற்கை நிலையில் பகுத்தறிவு என்ற சட்டம் உண்டு: பிறருடைய உயிருக்கும் உடல்நலத்துக்கும் சுதந்திரத்துக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யக் கூடாது என்று அது கற்பிக்கிறது. இதை மட்டும் படித்துவிட்டு லாக்கின் மனிதன் நல்லவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை மீறியவரைத் தண்டிக்கும் உரிமையும் அங்கே எல்லோரிடமும் இருக்கிறது. தன்னலம் தன் பக்கம் சாயவைக்கும்; கோபமும் பழியுணர்ச்சியும் தண்டனையை எல்லை மீறச் செய்யும். இதை லாக் மறைக்கவில்லை. 9ஆம் அத்தியாயத்தில் இயற்கை நிலையின் குறைகளை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: எல்லோரும் அறிந்த நிலையான சட்டம் இல்லை, நடுநிலையான நீதிபதி இல்லை, தீர்ப்பை நிறைவேற்றும் ஆற்றல் இல்லை.

அவர் ஹாப்ஸிடமிருந்து விலகும் இடம் இதற்கு அடுத்தது. மனிதர் தம் வழக்கில் தாமே நீதிபதியாக இருப்பது தீது என்றால், எல்லையற்ற அதிகாரம் கொண்ட மன்னரும் ஒரு மனிதர்தானே? தன் வழக்கில் அவர் மட்டும் நீதிபதியாக இருக்கலாமா? மரநாய்களுக்கும் நரிகளுக்கும் அஞ்சி எச்சரிக்கையாக இருக்கும் மனிதர்கள் சிங்கங்களுக்கு இரையாவதைப் பாதுகாப்பு என்று கருதுவார்களா என்று லாக் கேட்கிறார். என் மதிப்பீட்டில், அறிவொளிக் கால அரசியல் சிந்தனை முழுவதிலும் இதைவிட வலுவான ஒற்றை வாதம் இல்லை. மனித இயல்பு பற்றி ஹாப்ஸ் சொன்னதையே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, அதே அளவுகோலை ஆள்பவர் மீதும் வைப்பதால்தான் அதற்கு அவ்வளவு வலிமை. இதன் விளைவாக, லாக்கின் அரசு ஓர் அறக்கட்டளையின் பொறுப்பாளரைப் போன்றது: உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், அந்த நோக்கத்துக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டால் ஒப்படைத்தவர்களிடமே திரும்பிவிடும். இதனால் அடிக்கடி கலகம் வரும் என்ற அச்சத்துக்கு 19ஆம் அத்தியாயத்தில் விடை தருகிறார். சிறு தவறுகளுக்கெல்லாம் மக்கள் கிளர்ந்தெழுவதில்லை, ஒரே திசையில் செல்லும் நீண்ட கொடுமைத் தொடரே அவர்களை எழச் செய்கிறது. 1776இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ஏறக்குறைய இதே சொற்களை எடுத்தாள்கிறது.

நான்காம் படி: மாண்டெஸ்கியூவிடம் சில பக்கங்கள் மட்டும்

1748இல் ஜெனீவாவில் அச்சான 'சட்டங்களின் சாரம்' 31 பகுதிகள் கொண்டது. போர்தோ நகர நீதிமன்றத்தில் உயர் பதவி வகித்த மாண்டெஸ்கியூ, மக்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு அரசை உருவாக்கினார்கள் என்ற ஒப்பந்தக் கதைகளில் அதிகம் ஈடுபடுவதில்லை. முதல் பகுதியின் 2ஆம் அத்தியாயத்தில், இயற்கை நிலை மனிதன் தன் பலவீனத்தை உணர்ந்து அஞ்சுபவன், ஆகவே சமாதானமே அவனுக்கு முதல் இயற்கைச் சட்டம், போர் சமூகம் உருவான பிறகே தொடங்குகிறது என்று ஹாப்ஸை மறுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நீங்களும் அங்கிருந்து நேராக 11ஆம் பகுதிக்குச் செல்லலாம்.

அதன் 4ஆம் அத்தியாயத்தில் அவருடைய மனித இயல்புக் கொள்கை முழுதும் அடங்கியிருக்கிறது: அதிகாரம் கையில் உள்ள எவரும் அதனைத் தவறாகப் பயன்படுத்தும் போக்குடையவர், எல்லை எதிர்ப்படும் வரை அவர் சென்றுகொண்டே இருப்பார், ஆகவே அதிகாரத்தை அதிகாரமே தடுக்கும்படி அரசு அமைய வேண்டும். 6ஆம் அத்தியாயம் சட்டமியற்றுதல், நிறைவேற்றுதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்றையும் பிரித்து, இரண்டு ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்று விளக்குகிறது. நீதிபதியே சட்டமும் இயற்றினால் குடிமக்களின் உயிரும் சுதந்திரமும் அவர் மனம்போல ஆகிவிடும். அவரே நிறைவேற்றவும் செய்தால் அவர் ஒடுக்குமுறையாளரின் வலிமையைப் பெறுவார். இதற்கு எடுத்துக்காட்டாக அவர் வரைந்த இங்கிலாந்து, உண்மையான இங்கிலாந்தைவிடச் சற்று ஒழுங்கானது, ஏனெனில் அங்கே அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே அமர்ந்திருந்தார்கள். அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1788இல் ஜேம்ஸ் மேடிசன் எழுதிய, 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரை வரிசையின் 51ஆம் கட்டுரையை இதோடு சேர்த்துப் படியுங்கள். மனிதர்கள் தேவதூதர்களாக இருந்தால் அரசே தேவைப்படாது என்ற வரி அதில்தான் வருகிறது.

கிழக்கு நாடுகளைப் பற்றி மாண்டெஸ்கியூ எழுதியதை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பயணிகளின் குறிப்புகளை நம்பி, ஆசிய அரசுகள் அச்சத்தை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட கொடுங்கோன்மைகள் என்று அவர் தீர்ப்பளித்தார். 1755இல் புதுச்சேரியில் வந்திறங்கி இந்தியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கெத்தில் துய்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர், 1778இல் வெளியிட்ட நூலில் இதனை நேருக்கு நேர் மறுத்தார். துருக்கியிலும் பாரசீகத்திலும் இந்தியாவிலும் ஆள்பவரைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் உண்டு, மக்களுக்குத் தனியுடைமையும் உண்டு என்பது அவருடைய வாதம். மனித இயல்பைப் பற்றிப் பொதுவாகப் பேசிய ஒருவர் உலகின் பாதியை எப்படி அதற்கு வெளியே நிறுத்தினார் என்பதற்கு இந்த மறுப்பு நல்ல சான்று.

ஐந்தாம் படி: ரூசோவின் இரு நூல்கள், எழுதப்பட்ட வரிசையிலேயே

'சமூக ஒப்பந்தம்' நூலை முதலில் எடுப்பதுதான் ரூசோவைப் படிப்பவர்களில் பலர் செய்யும் பிழை. மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், எங்கும் விலங்குகளால் பிணைக்கப்பட்டிருக்கிறான் என்று அந்நூலின் முதல் அத்தியாயம் தொடங்குகிறது. அந்த விலங்குகள் எப்படி வந்தன என்ற கதை 1755இல் வெளிவந்த 'சமத்துவமின்மையின் தோற்றம்' பற்றிய உரையில்தான் இருக்கிறது.

அந்த உரையில் ரூசோ முன்னோர் அனைவர் மீதும் ஒரு குற்றச்சாட்டை வைக்கிறார்: சமூகத்தில் கண்ட மனிதனை எடுத்து இயற்கை நிலையில் நிறுத்திவிட்டார்கள் என்று. புகழாசைக்குப் பார்வையாளர் வேண்டும். தனித்துத் திரிந்த மனிதனுக்குப் பார்வையாளர் ஏது? இயற்கை மனிதனிடம் தன்னைக் காத்துக்கொள்ளும் எளிய தன்னேயமும் பிற உயிர் துன்புறக் கண்டால் எழும் இரக்கமும் மட்டுமே இருந்தன. அவனுக்கு நன்மை தீமை பற்றிய அறமதிப்புகளே இல்லாததால் அவனைத் தூயவன் என்று போற்றுவதும் பொருந்தாது. குடிசைகளுக்கு முன்னே கூடி ஆடிப்பாடத் தொடங்கியபோது ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்தார்கள், தாமும் பார்க்கப்பட விரும்பினார்கள். பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை மேலாக மதிக்கும் தன்முனைப்பு அங்கே பிறந்தது. பிறகு நிலவுடைமை வந்தது, செல்வர்களும் வறியவர்களும் உண்டானார்கள், செல்வர்கள் தம் உடைமையைக் காக்கும் ஏற்பாட்டை எல்லோருக்குமான பாதுகாப்பு என்று சொல்லி வறியவர்களை ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். லாக்கின் ஒப்பந்தத்தை உடைமையில்லாதவரின் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை இந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. காட்டுக்குத் திரும்பச் சொல்கிறாரா என்ற ஐயத்துக்கு, தன்னைப் போன்றவர்களால் இனி அப்படித் திரும்ப முடியாது என்று அவரே குறிப்புகளில் விடையளித்திருக்கிறார்.

இதன் பிறகு 1762இல் வந்த 'சமூக ஒப்பந்தம்' நூலை எடுங்கள். இங்கே இரண்டு வேறுபாடுகளை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். இறையாண்மை மக்கள் முழுமைக்கும் உரியது, அரசாங்கம் என்பது அந்த மக்களின் சட்டங்களை நிறைவேற்றும் பணியாளர் மட்டுமே என்பது முதலாவது. ஆகவே மக்கள் இறையாண்மையை வலியுறுத்தும் ரூசோ, பெரிய நாட்டின் நிர்வாகம் ஒருவர் கையில் இருக்கலாம் என்று சொல்வதில் முரண்பாடில்லை. தனித்தனி விருப்பங்களின் கூட்டுத்தொகை வேறு, பொது நலனை நோக்கும் பொது விருப்பம் வேறு என்பது இரண்டாவது. ஒரு சட்டத்துக்கு வாக்களிக்கும் குடிமகன் தனக்கு எது இலாபம் என்று கேட்காமல், நம் எல்லோருக்கும் எது பொருந்தும் என்று கேட்க வேண்டும். அப்போது யாரும் தன் வழக்கில் தனியாக நீதிபதி ஆவதில்லை. எல்லோரும் எல்லோருக்குமான சட்டத்தை இயற்றுகிறார்கள்.

ஆனால் பொது விருப்பம் இதுதான் என்று ஒரு தரப்பு உறுதியாக நம்பி, மறுப்பவர்களை அடக்கினால் என்ன செய்வது? பொது விருப்பத்துக்குப் பணிய மறுப்பவர் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவார் என்று முதல் பகுதியின் 7ஆம் அத்தியாயத்தில் வரும் வரியை எந்த விளக்கமும் முழுவதும் மென்மையாக்கிவிட முடியாது. இந்த இடத்தில் நீங்கள் எழுதிவைத்திருக்கும் மூன்றாவது குறிப்பைப் பாருங்கள். ஹாப்ஸின் குடிமகன் உயிர்காப்பு உரிமையை வைத்துக்கொண்டான், லாக்கின் குடிமகன் அதைவிட நிறையவே வைத்துக்கொண்டான், ரூசோவின் குடிமகனோ தன் உரிமைகள் அனைத்தையும் சமூகத்திடம் ஒப்படைக்கிறான், தானும் அந்தச் சமூகத்தின் ஒரு பகுதி என்ற நம்பிக்கையில்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தையே மறுத்தவரையும் கேளுங்கள்

டேவிட் ஹியூமின் 'மூல ஒப்பந்தம் பற்றி' (1748) சிறிய கட்டுரைதான். இருக்கும் அரசுகள் பெரும்பாலும் கைப்பற்றலாலோ படையெடுப்பாலோ உருவானவை, எந்தக் குடியானவரும் எதற்கும் ஒப்பம் இட்டதில்லை என்பது அவருடைய கருத்து. நாட்டை விட்டு வெளியேறாமல் இருப்பதே மறைமுக ஒப்புதல் என்ற லாக்கின் விடைக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டால் பதிலளிக்கிறார்: உறங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவர், கடலில் குதித்து இறந்துவிடவில்லை என்பதால் தலைவரின் அதிகாரத்துக்கு மனமுவந்து ஒப்புக்கொண்டார் என்று ஆகுமா? நாம் அரசுக்குக் கீழ்ப்படிவது அது இல்லாமல் சமூகம் நிலைக்காது என்பதால்தான் என்று ஹியூம் முடிக்கிறார்.

ஏழாம் படி: யாருடைய இயல்பு?

இந்த நூல்களில் 'மனிதன்' என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் அது யாரை உள்ளடக்குகிறது என்று கேளுங்கள். இதனைத் தவிர்த்த வாசிப்பு நேர்மையான வாசிப்பாகாது. எல்லோரும் இயற்கையில் சமமானவர் என்று எழுதிய லாக், அடிமை வணிகத்தில் ஈடுபட்ட ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் முதலீடு செய்திருந்தார். அவர் செயலராகப் பணியாற்றிய கரோலினாக் குடியேற்ற உரிமையாளர்களின் 1669ஆம் ஆண்டு அரசமைப்பு ஆவணம், கறுப்பின அடிமைகள் மீது உரிமையாளருக்கு முழு அதிகாரம் வழங்கியது. ரூசோ 'எமீல்' நூலின் ஐந்தாம் பகுதியில் சோஃபி என்ற பெண்ணை வரைந்து, பெண்ணின் கல்வி முழுதும் ஆணுக்கு உகந்தவளாக இருப்பதையே நோக்க வேண்டும் என்றார். 1792இல் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் எழுதிய 'பெண்ணுரிமைகளின் நியாயம்' இதற்கு நேரடியான பதில். பகுத்தறிவே மனிதரை விலங்குகளிலிருந்து உயர்த்துகிறது என்றால், அது பெண்ணிலும் அதே பகுத்தறிவுதான். அதனை வளரவிடாமல் தடுத்துவிட்டு, வளரவில்லை என்பதையே பெண்ணின் இயல்பு என்று காட்டுவது ஏமாற்று வாதம் என்று அவர் எழுதினார். ரூசோ சமூக மனிதனைப் பற்றிச் சொன்னதை, அதாவது இயல்பாகத் தெரிவது சமூகம் உண்டாக்கியதாக இருக்கலாம் என்பதை, வோல்ஸ்டன்கிராஃப்ட் ரூசோவுக்கு எதிராகவே திருப்பிவிட்டார். இந்நூலை மற்றவற்றுக்குப் பின்னிணைப்பாகக் கருதாமல் அவற்றுக்கு இணையாக வைத்துப் படியுங்கள்.

எட்டாம் படி: ஓர் ஆவணத்தில் பயின்று பாருங்கள்

படித்தவை மனத்தில் நின்றிருக்கின்றனவா என்று சோதிக்க, 1789 ஆகஸ்டு 26 அன்று பிரெஞ்சு தேசியப் பேரவை நிறைவு செய்த மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 17 பிரிவுகள்தான். ஒவ்வொரு பிரிவின் அருகிலும் எந்தச் சிந்தனையாளரின் வாதம் அதில் ஒலிக்கிறது என்று எழுதுங்கள். 2ஆம் பிரிவு சுதந்திரம், உடைமை, பாதுகாப்பு, ஒடுக்குமுறையை எதிர்த்தல் ஆகியவற்றை இயற்கை உரிமைகள் என்கிறது. அதில் லாக்கை அடையாளம் காண்பது எளிது. 16ஆம் பிரிவு அதிகாரப் பிரிவினை இல்லாத சமூகத்துக்கு அரசமைப்பே இல்லை என்று அறிவிக்கிறது, அது மாண்டெஸ்கியூ. கண்டிப்பாகத் தேவையான தண்டனைகளை மட்டுமே சட்டம் விதிக்கலாம் என்ற 8ஆம் பிரிவுக்கு, இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இல் எழுதிய 'குற்றங்களும் தண்டனைகளும்' நூலைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கும்.

6ஆம் பிரிவில் அதிக நேரம் செலவிடுங்கள். சட்டம் பொது விருப்பத்தின் வெளிப்பாடு என்று அது ரூசோவின் சொற்களிலேயே தொடங்குகிறது. அதன் உருவாக்கத்தில் குடிமக்கள் நேரடியாகவோ தம் பிரதிநிதிகள் வழியாகவோ பங்குபெறலாம் என்று அடுத்த வரியில் தொடர்கிறது. 'சமூக ஒப்பந்தம்' நூலின் மூன்றாம் பகுதி, 15ஆம் அத்தியாயத்தில், இறையாண்மையைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கவே முடியாது, ஆங்கிலேயர்கள் தாம் சுதந்திரமானவர்கள் என்று நினைத்தாலும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாட்களில் மட்டுமே அவர்கள் சுதந்திரமானவர்கள் என்று ரூசோ எழுதியிருந்தார். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து, பேரவை உறுப்பினர்கள் ரூசோவிடமிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு நாட்டில் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.